தோலை வாசித்தல்

தமிழ்க் கவிதையில் தோலுக்கு வெகுகாலமாக ஒரு வேலை உண்டு. உள்ளே இருப்பதைக் காட்டிக்கொடுப்பது. பிரிவு தாளாத பெண்ணின் மேனியில் பசலை படர்கிறது. வாய் மறைத்ததைத் தோல் ஊருக்குச் சொல்லிவிடுகிறது. தோழி பார்க்கிறாள், தாய் பார்க்கிறாள், கடைசியில் வாசகன் பார்க்கிறான். மூவருக்கும் விஷயம் புரிந்துவிடுகிறது. திருக்குறள் இதற்கென்றே 'பசப்புறு பருவரல்' என்று ஓர் அதிகாரத்தை, 119ஆவதை, ஒதுக்கியிருக்கிறது. பசலையை நோய் என்றே மரபு சொல்லும். ஆனால் வைத்தியன் தேவைப்படாத நோய் அது. காரணம் ஒருவன், மருந்தும் அவனே. தோலில் தெரியும் நிறத்துக்கும் மனசில் இருக்கும் பொருளுக்கும் நடுவே சந்தேகம் நுழைய ஓர் இடைவெளிகூடக் கிடையாது.

இந்தச் சந்தேகமின்மை கவிதைக்குள் இருக்கும்வரை அழகுதான். அது வெளியே வந்ததும் என்ன செய்கிறது என்று பார்க்க 1954இல் வந்த 'ரத்தக்கண்ணீர்' போதும். எம். ஆர். ராதாவின் மோகனசுந்தரத்துக்குத் தொழுநோய் வருகிறது. ஏன் வந்தது என்று படம் விளக்க வேண்டிய அவசியமே இல்லை. அவன் வாழ்ந்த வாழ்க்கை அவன் தோலில் எழுதப்பட்டுவிட்டது என்று கொட்டகை முழுவதும் ஏற்கெனவே ஒப்புக்கொண்டாயிற்று. தொழுநோய்க் கிருமியை நார்வேயில் ஹான்ஸன் கண்டது 1873இல். எண்பது வருஷம் கழித்தும் அந்தக் கதையில் கிருமிக்கு வேலையில்லை. பசலையை வாசித்த கண்ணேதான் இதையும் வாசித்தது. அங்கே தோல் காதலைச் சொன்னது, இங்கே பாவத்தைச் சொன்னது. இலக்கணம் ஒன்று, தீர்ப்பு வேறு.

லுகீமியா என்ற ரத்தப் புற்றுநோயில் தோலுக்கு நேர்வதை மருத்துவ நூல்களில் படித்தபோது, இந்த இலக்கணத்தை உள்ளிருந்தே குலைக்கும் விஷயம் ஒன்று அதில் இருப்பதாக எனக்குப் பட்டது. நான் எழுத முனைவது அர்த்தம் பற்றிய ஒரு பிரச்னை. ஆனால் ஸ்தூலமான தகவல்களில் கால் ஊன்றாமல் இதைப் பேசினால் நம் வழக்கமான உருவகப் புகைமூட்டத்தில்தான் போய் முடியும். எனவே முதலில் தோல்.

லுகீமியா நோயாளியின் தோலில் தோன்றுகிறவற்றை மருத்துவம் இரண்டாகப் பிரிக்கிறது. முதல் வகை, நோயின் விளைவுகள். எலும்பு மஜ்ஜையைப் புற்றணுக்கள் அடைத்துக்கொள்ளும்போது மற்ற அணுக்களின் உற்பத்தி குறைகிறது. சிவப்பணு குறைந்தால் வெளிறல். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்தால் கசிவு. ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் 1,50,000 முதல் 4,50,000 வரை இருக்கவேண்டிய தட்டணுக்கள் 20,000க்குக் கீழே போகும்போது அடிபடாமலே தோலுக்கடியில் ரத்தம் கசியக்கூடும். கடுகைவிடச் சிறிய சிவப்புப் புள்ளிகள் கணுக்காலைச் சுற்றி வரும். நிற்கும்போது ரத்த அழுத்தம் அங்கேதான் அதிகம். பாவாடை நாடா இறுகிய இடுப்பில் வரும். ரத்த அழுத்தம் பார்க்கப் பட்டை கட்டிய கையில் வரும். பெட்டீக்கியா என்று பெயர்.

இந்தப் புள்ளியைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. ஒரு கண்ணாடித் தகட்டை அதன்மேல் வைத்து அழுத்திப் பார்ப்பது. அழற்சியால் சிவந்த தோலாக இருந்தால் ரத்தம் குழாய்க்குள்தான் இருக்கிறது; அழுத்தும்போது விலகி நிறம் மங்கும், எடுத்ததும் திரும்பும். பெட்டீக்கியா மங்காது. அந்த ரத்தம் குழாயைவிட்டு வெளியேறிவிட்ட ரத்தம். திரும்பிப் போக அதற்கு வழியில்லை. தொட்டால் விலகி விட்டால் படர்வது பசலை என்பது அகமரபு. கண்ணாடித் தகடு கேட்பதும் அதே கேள்விதான்: தொட்டால் விலகுமா? ஆனால் இங்கே பதில் 'இல்லை' என்றும் வரலாம். இந்த வித்தியாசத்துக்குப் பிறகு வருகிறேன்.

இரண்டாவது வகை முற்றிலும் வேறு. லுகீமியா அணுக்களே ரத்தத்தைவிட்டுத் தோலுக்குள் வந்து குடியேறுகின்றன. லுகீமியா க்யூட்டிஸ் என்று இதைச் சொல்கிறார்கள். சிவப்பும் பழுப்பும் ஊதாவும் கலந்த பருக்கள், கட்டிகள், தடிப்புகள். பெரும்பாலும் வலியோ அரிப்போ இருப்பதில்லை. கடும் மைலாய்ட் லுகீமியாவில் பத்துப் பேரில் ஒருவர் அளவுக்கு இது வரக்கூடும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. மோனோசைட் என்ற வெள்ளணுவின் வம்சத்திலிருந்து பிறக்கும் வகைகளில் இன்னும் அதிகம்; அவற்றில் ஈறும் வீங்கும். காரணம் விசித்திரமானதல்ல. ஆரோக்கியமான மோனோசைட்டே ரத்தத்தைவிட்டுத் திசுக்களுக்குள் நடமாடும் சுபாவம் உள்ளது. புற்றாக மாறிய பின்னும் அணு தன் பழைய பழக்கத்தைக் கைவிடுவதில்லை.

இந்த இரண்டாம் வகைத் தடிப்பு எதற்கு அறிகுறி என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். அது எதையும் குறிக்கவில்லை. வேறெங்கோ இருக்கும் நோயின் நிழல் அங்கே விழவில்லை. நோயே அங்கே இருக்கிறது.

விட்கன்ஸ்டைன் 1933-34இல் கேம்ப்ரிட்ஜில் மாணவர்களுக்குச் சொல்லி எழுதவைத்து, பிறகு 'நீலப் புத்தகம்' என்று பெயர்பெற்ற குறிப்புகளில் அறிகுறியையும் அளவையையும் பிரித்துக் காட்டுகிறார். அவர் எடுத்துக்கொள்வதும் ஒரு நோயைத்தான். தொண்டை அழற்சி ஒரு நோய்க்கு அறிகுறி. அந்த நோய்க்குரிய கிருமி இருப்பதே அந்த நோய் என்று வரையறுத்துக்கொண்டால் கிருமி அளவை. அறிகுறியிலிருந்து ஊகிக்கிறோம், ஊகம் தவறலாம். அளவை நிறைவேறிவிட்டால் ஊகிக்க மிச்சமில்லை. நடைமுறையில் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துகிடக்கும் என்பதையும் அவர் சொல்லாமல் விடவில்லை. பெட்டீக்கியா அறிகுறி. டெங்குவிலும் வரும், வேறு காரணங்களாலும் வரும். லுகீமியா க்யூட்டிஸ் தடிப்பைத் துளைத்தெடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும்போது நாம் அளவையின் முன் நிற்கிறோம்.

வங்கியில் வேலைபார்ப்பவனுக்கு இந்த வித்தியாசம் அன்றாடம் கையில் படுவது. காசோலையில் இருக்கும் கையெழுத்து ஆளைக் குறிக்கிறது. ஆள் வீட்டில் இருக்கலாம், வெளியூரில் இருக்கலாம். மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்பார்த்து ஆள் இவர்தான் என்று ஊகிப்பது என் சம்பளத்துக்கான வேலை. கைநாட்டு அப்படியல்ல. மையில் தோய்ந்த தோல் அங்கே வந்து அழுந்தியிருக்கிறது. நவம்பர் மாதம் ஓய்வூதியக்காரர்கள் தாங்கள் உயிரோடிருப்பதற்குச் சான்று தர வரிசையில் நிற்பார்கள். உழைத்துத் தேய்ந்த விரலைச் சிலசமயம் கருவி ஏற்காது. ரேகை இல்லை என்கிறது கருவி, ஆள் எதிரே நின்று வேட்டியைச் சரிசெய்துகொண்டிருக்கிறார். அறிகுறியை மட்டும் நம்பும் ஒழுங்கின் அபத்தம் அந்த நிமிஷத்தில் தெரிந்துவிடும். எதிரே இருப்பதைப் பார்ப்பதும் எதிரே இருப்பதிலிருந்து ஊகிப்பதும் வேறு வேறு செயல்கள்.

ஆனால் 'நோயே அங்கே இருக்கிறது' என்று சொல்லி நிறுத்திக்கொண்டால், தோல் உண்மையைச் சொல்கிறது என்ற பழைய நம்பிக்கை வேறு வேஷத்தில் திரும்பிவிடும். அதையும் இந்த நோய் அனுமதிப்பதில்லை. மூன்று காரணங்கள்.

ஒன்று, சிலரிடம் தோல்தான் முதலில் நோயைப் பெறுகிறது. ரத்தத்திலும் மஜ்ஜையிலும் புற்றணு கண்ணில்படுவதற்கு வாரங்களோ மாதங்களோ முன்பே தோலில் அது வந்துவிடுகிறது. அப்போது தோல் எதன் கண்ணாடி? உள்ளே பிரதிபலிக்க எதுவும் தட்டுப்படவில்லையே. அகம் முந்தியது, புறம் அதன் சாயல் என்ற நம் வரிசை இங்கே தலைகீழாகிறது.

இரண்டு, பிரிட்டனில் பிளிமத் நகரத்து மருத்துவர் ராபர்ட் ஸ்வீட் 1964இல் விவரித்த ஒரு நோய்த்தொகுதி. காய்ச்சல், தொட்டால் வலிக்கும் சிவந்த தடிப்புகள். லுகீமியா நோயாளிகளுக்கும் வரும், அந்த நோய் இல்லாதவர்களுக்கும் வரும். தடிப்பைத் துளைத்துப் பார்த்தால் உள்ளே இருப்பவை பெரும்பாலும் முதிர்ந்த, சாதாரண வெள்ளணுக்கள். ஸ்டீராய்டு கொடுத்தால் வேகமாகத் தணியும். கண்ணுக்கு இதுவும் லுகீமியா க்யூட்டிஸும் ஒன்றுபோலவே தோன்றலாம். தேர்ந்த கண்ணும் இங்கே தன் தீர்ப்பை நிறுத்திவைத்துவிட்டு நாலு மில்லிமீட்டர் தோலை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பவேண்டியிருக்கிறது.

மூன்றாவது எனக்கு மிக முக்கியமாகப் படுவது. லுகீமியா க்யூட்டிஸ் உள்ள தோலை நுண்ணோக்கியில் பார்த்தால் கீழ்த்தோலில் புற்றணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். மேல்தோல் பெரும்பாலும் தீண்டப்படாமல் இருக்கும். இரண்டுக்கும் நடுவே அணுக்கள் ஏறாத ஒரு மெல்லிய பட்டை பலசமயம் காணப்படும். எல்லை என்ற பொருள்படும் ஜெர்மன் சொல்லால் அதைக் கிரென்ஸ் மண்டலம் என்கிறார்கள். ஆக, நோயே வெளியே வந்து நிற்கிறது என்று நாம் சொன்ன இடத்திலும் அது முழுக்க வெளியே வரவில்லை. நாம் பார்ப்பது நோயற்ற மேல்தோலின் வழியாகத்தான். பார்க்கப்படும் பொருளுக்கும் பார்ப்பவனுக்கும் நடுவே இயற்கையே ஒரு கோடு விட்டுவைத்திருக்கிறது.

இந்த இடத்தில் சூசன் சான்டாக்கைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. தனக்கு 1975இல் மார்பகப் புற்றுநோய் கண்ட பிறகு அவர் எழுதி 1978இல் நூலாக வந்தது 'நோய் என்னும் உருவகம்'. நோயை நோயாக மட்டும் பார்க்கவேண்டும், அதன்மேல் குணத்தையும் விதியையும் தண்டனையையும் ஏற்றுவது நோயாளிக்குச் செய்யும் இரண்டாவது கொடுமை என்பது அதன் சாரம். அதில் லுகீமியாவுக்கு ஓர் இடம் உண்டு. முந்தைய நூற்றாண்டின் நாவல்களில் காசநோய் வகித்த ஸ்தானத்தை இருபதாம் நூற்றாண்டின் ஜனரஞ்சகக் கதையில் லுகீமியா எடுத்துக்கொண்டது என்கிறார். எரிக் சீகலின் 'லவ் ஸ்டோரி', 1970இல் வந்த நாவல், அவருடைய உதாரணம். கட்டி இல்லை, அறுவை இல்லை, உருக்குலைவு இல்லை. இளம்பெண் அழகு கெடாமல் சாகலாம். நம் சினிமாவும் ரத்தப் புற்றுநோயை இந்தக் காரணத்துக்காகவே தத்தெடுத்துக்கொண்டது. கைக்குட்டையில் ஒரு துளி ரத்தம், முகத்தில் கூடுதல் பவுடர், அவ்வளவுதான். பாவிக்குத் தோல் அழுகும், அப்பாவியின் தோலில் ஒரு புள்ளியும் விழாது. மோகனசுந்தரமும் இந்தக் கதாநாயகியும் ஒரே இலக்கணத்தின் இரு பக்கங்கள்.

சான்டாக்குக்கு 2004இல் மஜ்ஜைக் கோளாறு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அது கடும் லுகீமியாவாக மாறுகிற வகை. சியாட்டிலில் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டார். அது கைகொடுக்கவில்லை. அந்த வருஷம் டிசம்பர் 28ஆம் தேதி நியூயார்க்கில் இறந்தார். அவர் மகன் டேவிட் ரீஃப் 2008இல் வெளியிட்ட நூலில் அந்த உடல் கடைசியில் புண்ணும் காயமுமாக இருந்ததை எழுதியிருக்கிறார். அதற்கு முன்பே, 2006இல், புகைப்படக் கலைஞர் ஆனி லீபோவிட்ஸ் தம் தொகுப்பில் சான்டாக்கின் நோயுற்ற உடலையும் இறந்த உடலையும் காட்டும் படங்களைச் சேர்த்திருந்தார். மகன் அதைக் கடுமையாகக் கண்டித்தார். சான்டாக் 1977இல் புகைப்படக் கலை பற்றியும், 2003இல் பிறர் துன்பத்தின் படங்களைப் பார்ப்பது பற்றியும் புத்தகம் எழுதியவர் என்பதை இங்கே நினைவில் கொள்ளவேண்டும்.

விமர்சகனின் கை இந்த இடத்தில் அரிக்கத் தொடங்கும். உருவகத்துக்கு எதிராக எழுதியவர், தோலைக் கெடுக்காத நோய் என்று கதைகள் கொண்டாடிய அதே நோயில், தோல் கெட்டு இறந்தார். எவ்வளவு கச்சிதமான முரண்! இதை ஒரு கட்டுரையின் கடைசி வாக்கியமாக வைத்தால் வாசகன் தலையாட்டுவான்.

அந்த வாக்கியம் 'ரத்தக்கண்ண'ீரின் வாக்கியம்தான். கொஞ்சம் படித்தவர்களுக்கான பதிப்பு. ஒரு பெண்ணின் தோலில் நேர்ந்ததை அவள் வாழ்ந்த வாழ்க்கைக்கு, அவள் எழுதிய எழுத்துக்குப் பதிலாக வாசிக்கிறது. விதி அவருக்கு விடை சொல்லிவிட்டது என்று விதியின் இடத்தில் நம்மை உட்காரவைக்கிறது. முரணைக் கண்டுபிடிக்கும் பழக்கம் நம் சிறுபத்திரிகைக் கல்வியின் முக்கியமான பகுதி. ஒரு பிரதியின் மேல் அது நியாயமான கருவி. ஒரு உடலின் மேல் அதே கருவி என்னவாகிறது என்று நாம் யோசித்ததில்லை.

அப்படியானால் வாசிக்கவே கூடாதா? உருவகம் வேண்டாம், வெறும் நோயைப் பார் என்பது நல்ல போதனை. ஆனால் அது முழுப் பதிலல்ல. கணுக்காலில் உள்ள புள்ளியை மருத்துவர் வாசிக்காவிட்டால் நோயாளி செத்துப்போவார். மருத்துவமே வாசிப்பில்தான் நிற்கிறது. ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்கவேண்டும். அந்த வாசிப்புக்கும் நம் வாசிப்புக்கும் என்ன வித்தியாசம்?

கண்ணாடித் தகட்டில் பதில் இருப்பதாக நினைக்கிறேன். தகட்டை வைத்து அழுத்துகிறவர் தன் ஊகம் பொய்யாவதற்கு ஒரு வழி வைக்கிறார். நிறம் மங்கினால் அவர் நினைத்தது தவறு. தட்டணு எண்ணிக்கை சரியாக இருந்தால் தவறு. தடிப்புக்குள் முதிர்ந்த வெள்ளணுக்கள் இருந்தால் தவறு. ஒவ்வொரு படியிலும் தோலுக்கு 'இல்லை' என்று சொல்ல உரிமை இருக்கிறது. அர்த்தம் தேடும் வாசிப்பில் அந்த உரிமை கிடையாது. மோகனசுந்தரத்துக்குத் தொழுநோய் வந்தால் பாவம் வெளிப்பட்டது. வராமல் இருந்தால் இன்னும் வெளிப்படவில்லை. சான்டாக்கின் தோல் கெட்டால் முரண், கெடாமல் இருந்திருந்தால் வேறொரு முரண் கிடைத்திருக்கும். எது நடந்தாலும் வாசிப்பவன் தோற்பதில்லை. தோற்க முடியாத வாசிப்பை ஒரு உயிருள்ள உடலின் மேல் நடத்துவது அநியாயம் என்பது என் கட்சி. இன்னொன்றும் உண்டு. மருத்துவரின் வாசிப்பு யாரை வாசிக்கிறதோ அவரிடமே திரும்பிப் போகிறது, மருந்தாகவோ கெட்ட செய்தியாகவோ. நம் வாசிப்பு நம்மிடமே தங்கிவிடுகிறது.

மருத்துவர்களும் இதற்கு விலக்கல்ல. 1845இல் எடின்பரோவில் ஜான் ஹ்யூஸ் பென்னட், இறந்த நோயாளி ஒருவரின் ரத்தத்தில் நிறமற்ற அணுக்கள் பெருகிக்கிடப்பதைப் பார்த்தார். ரத்தம் சீழ்பிடித்துவிட்டது என்று முடிவுசெய்தார். அதே வருஷம் பெர்லினில் விர்கோவும் இதேபோன்ற ரத்தத்தைப் பார்த்தார். சீழ் என்றால் அழற்சிக்கு ஓர் இடம் இருக்கவேண்டும், அது இல்லை. எனவே வெண்ரத்தம் என்று மட்டும் எழுதினார். 1847இல் அதையே கிரேக்கச் சொற்களால் லுகீமியா என்றார். கண்ட நிறத்துக்குமேல் அந்தப் பெயர் எதையும் சொல்லவில்லை. தெரிந்த இடத்தில் நின்றுகொண்டது. நல்ல விமர்சனத்துக்கும் இந்த அடக்கம் வேண்டும் என்று சொல்வது இந்த வட்டத்தில் பலருக்கு உவப்பாக இருக்காது.

தோல் எதைச் சொல்கிறது என்று உறுதியாக நம்புகிறவர்கள் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையில் நேர்வதையும் கவனிக்கவேண்டும். இன்னொருவரின் மஜ்ஜை அணுக்கள் நோயாளியின் உடலுக்குள் செலுத்தப்படுகின்றன. அவை வேர்பிடித்துப் பெருகும்போது தாம் வந்து சேர்ந்த உடலையே அந்நியமாகக் காணக்கூடும். பல நேரங்களில் முதலில் தாக்கப்படுவது தோல். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் காதோரத்திலும் சிவந்த தடிப்பு தொடங்கும், முற்றினால் தோல் கழன்றும் போகலாம். ஆனால் இதே அணுக்கள்தான் எஞ்சியிருக்கும் லுகீமியா அணுக்களையும் தேடி அழிக்கின்றன. இந்த எதிர்ப்பு ஏற்பட்டவர்களில் லுகீமியா திரும்பிவருவது குறைவு என்று 1979லேயே கண்டறிந்து எழுதிவிட்டார்கள். ஒரே தடிப்பு, காப்பாற்றுகிறதா கொல்கிறதா? இரண்டும் இருக்கலாம். உக்கிரம் எவ்வளவு என்பதை அன்றாடம் அளந்து மருந்தைக் கூட்டியும் குறைத்தும் நடக்கவேண்டியிருக்கிறது. 'தன் தோலே தனக்கு அந்நியமாயிற்று' என்று புதுக்கவிதை ஒன்று இங்கே தயாராக நிற்பது எனக்கும் தெரிகிறது. எழுதலாம். தடிப்பு உள்ளவர் இன்றைக்கு எந்தப் பக்கம் என்று தெரியாமல் காத்திருக்கிறார் என்பது அந்த வரியில் அடங்காது.

இனி அகமரபுக்குத் திரும்புகிறேன், அதைக் குற்றம்சாட்டிவிட்டு ஓடுவதற்கல்ல. அந்த மரபிடம் இரண்டு விஷயங்களை நாம் மறந்துவிட்டோம்.

முதலாவது, அதன் கண். பசலை படர்வது வெள்ளைத்தோலில் அல்ல. மாமை என்று சொல்லப்பட்ட, மாந்தளிரின் சாயல் கொண்ட கருத்த மேனியில். அந்த நிறத்தில் நேரும் நுண்ணிய மாறுதலைக் காண அந்தக் கவிகள் கண்ணைப் பழக்கியிருந்தார்கள். இது சாதாரண விஷயமல்ல. தோல்நோய்ச் சித்திரநூல்கள் வெகுகாலம் பெரும்பாலும் வெளுத்த தோலையே காட்டிவந்தன. அவற்றில் பளிச்சென்று சிவந்து தெரிவது கருத்த தோலில் ஊதாவாகவோ சாம்பல் பழுப்பாகவோ தெரியும், அல்லது தெரியாமலே போகும். பெட்டீக்கியாவைத் தேட மேலண்ணத்தையும் கண்ணிமையின் உட்புறத்தையும் பார்க்கவேண்டியிருக்கும். லண்டனில் மலோன் முக்வெண்டே என்ற மருத்துவ மாணவர் 2020இல், கருத்த, பழுப்புத் தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று காட்ட ஒரு கையேட்டைத் தம் ஆசிரியர்களோடு சேர்ந்து கொண்டுவர வேண்டியிருந்தது. இருபத்தோராம் நூற்றாண்டில்! தோலை அதிகமாக வாசிப்பது ஒரு தவறு என்றால், சில தோல்களைப் பார்க்கவே கற்காமல் இருப்பது அதைவிடப் பழைய தவறு. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். எதைப் பார்க்கப்போகிறோம் என்பதைப் பார்ப்பதற்கு முன்பே தீர்மானித்துவிடுவது.

இரண்டாவது, அதன் சட்டம். அகத்திணையில் தலைவனுக்கும் தலைவிக்கும் இயற்பெயர் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பியம் விதித்த எல்லை. நெடுநல்வாடையில் வேலின்மேல் வேம்பு சூடியிருப்பதாக வரும் ஒரு குறிப்பே, அது பாண்டியனின் அடையாளமாகிவிடுவதால், அந்த நூல் அகமா புறமா என்ற விவாதத்தைக் கிளப்பிவிட்டது. இதை வெறும் இலக்கண மரபு என்றே கற்பித்திருக்கிறார்கள். எனக்கு இது ஒரு தார்மீக நிலையாகத் தோன்றுகிறது. ஒருத்தியின் தோலைப் பார்த்து அவள் மனசைப் படிக்கலாம், அவள் யாருமாக இல்லாதபோது. பசலை எவளுடைய தோலிலும் இல்லை. அதனால்தான் அதைப் பற்றி அவ்வளவு உறுதியாகப் பேச முடிந்தது. ஒரு பெயர் வந்துவிட்டால் அந்த உறுதிக்கு உரிமை போய்விடுகிறது.

சித்திரநூலின் படத்தில் கண்களைக் கறுப்புப் பட்டையால் மறைப்பதும் இந்தச் சட்டத்தின் தூரத்து உறவுதான். அதற்கும் ஒரு விலை உண்டு என்பதை மறுக்கவில்லை. பெயரில்லாத தோல் வெறும் தோலாகிவிடும் அபாயம் அதில் இருக்கிறது. ஆனால் அகக்கவிதையின் தலைவிக்குப் பெயர்தான் இல்லை, குரல் இருக்கிறது. தன் பசலையைப் பற்றிப் பெரும்பாலும் அவளே பேசுகிறாள். லீபோவிட்ஸின் படங்களில் பெயர் இருக்கிறது, குரல் இல்லை. மகனுடைய கோபத்தின் நியாயம் இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவரே அந்தப் புண்களை எழுத்தில் வைத்தார் என்பது அந்த நியாயத்தைச் சிக்கலாக்குகிறது, அழித்துவிடவில்லை.

இவ்வளவையும் சொல்லிவிட்டுப் பார்வையை விலக்கிக்கொள் என்று முடித்தால் அது கோழைத்தனம். தடிப்பு வந்தவரின் வீட்டில் நடப்பது பெரும்பாலும் அதுதான். துண்டைப் போர்த்துகிறார்கள், நிலைக்கண்ணாடியை அப்புறப்படுத்துகிறார்கள், பார்க்க வந்தவர்கள் முகத்துக்கு ஒரு சாண் தள்ளிச் சுவரைப் பார்த்துப் பேசுகிறார்கள். அது தொற்றாத நோய் என்று அறிந்தவர்களும் கையைத் தொடுவதில்லை. வாசிப்புக்குப் பயந்து பார்வையையே நிறுத்திவிட்டால் தோலுக்குள் இருக்கும் ஆள் இரண்டாம் தடவையும் தனியாகிறார். நோயாளிக்குத் தேவை நல்ல வெளிச்சத்தில், அவசரமில்லாமல், கதை எதுவும் தயாரிக்காமல் பார்க்கும் ஒருவர். நேற்றைக்கு இருந்த புள்ளி இன்றைக்கு இருக்கிறதா, பக்கத்தில் புதிதாக வந்திருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா என்று அவரையே கேட்டு, அவர் சொல்லும் பதிலுக்குக் கட்டுப்படும் ஒருவர். எழுதுகிறவன் அந்த அளவுக்குப் பார்க்கக் கற்றபிறகு உருவகத்தைப் பற்றி யோசித்துக்கொள்ளலாம். அதற்குள் உருவகம் தேவைப்படாமலும் போகலாம்.